புது கிரெட்டா: பின் சீட்டில் இருந்து ஒரு கருத்து

கரூரில் எங்கள் மெடிக்கல் வாசலில் இந்த ஹூண்டாய் கிரெட்டா எஸ்யூவி நிற்க ஆரம்பித்ததில் இருந்து, மருந்துச் சீட்டோடு வருபவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று "மைலேஜ் என்னங்க தருது?" என்று கேட்கிறார்கள். அடுத்த கேள்வி முகத்தைப் பற்றி. பழைய கிரெட்டாவின் முகம் நல்லா இருந்ததா, புதுசு நல்லா இருக்கா என்று. இரண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. பின் சீட்டு எப்படி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்குச் சொல்ல அதிகம் இருப்பது அதைப் பற்றித்தான்.

முதலில் முகத்தை முடித்துவிடுகிறேன். கிரெட்டா இந்தியாவுக்கு வந்தது 2015 ஜூலையில். இரண்டாம் தலைமுறை 2020 மார்ச்சில். இப்போது எங்களிடம் இருப்பது 2024 ஜனவரி 16 அன்று வெளியான வடிவம். அதாவது இது முழுக்கப் புது வண்டி இல்லை, இரண்டாம் தலைமுறையையே திருத்தி எடுத்தது. 2020 வண்டியின் இரண்டாகப் பிரிந்த விளக்கு பலருக்குப் பிடிக்கவில்லை. இதில் முன்பக்கம் நேராக, சதுரமாக நிமிர்ந்து நிற்கிறது. அகலம் முழுக்க ஒரே கோடாக எல்இடி ஓடுகிறது. ஹெட்லைட் கீழே இறங்கி பம்பர் மட்டத்துக்கு வந்திருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. நாமக்கல்லில் என் தம்பி 2021 வண்டி வைத்திருக்கிறான், அவனுக்குப் பழசுதான் அழகு. இதில் பேச வேறொன்றும் இல்லை.

இரண்டு வண்டியையும் எங்கள் வீட்டு வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி டேப் வைத்து அளந்தே பார்த்தோம். நீளம் 4300 மில்லிமீட்டரில் இருந்து 4330 ஆகியிருக்கிறது. அந்த 30 மில்லிமீட்டரும் பம்பரிலேயே போய்விட்டது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம் அதே 2610. டிக்கி அதே 433 லிட்டர். ஆகவே "புது மாடலில் உள்ளே இடம் ஜாஸ்தி" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது பின் சீட்டு. என் மாமியாருக்கு (எனக்கு அத்தை) வலது முட்டி மாற்று அறுவை சிகிச்சை ஆனது. அதற்கு முன் எங்களிடம் இருந்தது சின்ன ஹேட்ச்பேக். முட்டி சரியில்லாதவர்கள் காரில் ஏறுவதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். முதலில் காலைத் தூக்கி உள்ளே வைக்க மாட்டார்கள். கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, இடுப்பைச் சீட்டின் ஓரத்தில் வைத்து, முழு எடையும் சீட்டில் இறங்கிய பிறகுதான் ஒவ்வொரு காலாக எடுத்து உள்ளே வைப்பார்கள். சீட்டு தாழ்வாக இருந்தால் இறங்கி உட்காரும்போது முட்டி முழுக்க மடங்கிவிடும். அந்தக் கடைசி நாலு விரற்கடைதான் வலி. எழுந்திருக்கும்போது அதைவிட மோசம். அதற்காக உயரமான பெரிய எஸ்யூவி வாங்கினால் ஃபுட்போர்டில் ஒரு காலை ஊன்றி மேலே எக்க வேண்டும். அதற்கும் அதே முட்டிதான் வேலை செய்ய வேண்டும்.

கிரெட்டாவின் பின் சீட்டு என் அத்தையின் இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே வருகிறது. கதவு அகலமாகத் திறக்கிறது. ஒரு கையைக் கதவின் மேலும் மறு கையை முன் சீட்டின் முதுகிலும் வைத்து உட்கார்ந்துவிடுகிறார். முன்பு நான் ஒரு பக்கம், என் கணவர் ஒரு பக்கம் பிடிப்போம். இப்போது கை கொடுக்கப் போனால் "உடு கண்ணு, நானே ஏறிக்கறேன்" என்கிறார். அவரவர் வீட்டுப் பெரியவர்களின் உயரத்துக்கு இது மாறும். ஐந்தடி ஒரு அங்குலம் உள்ளவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனால் இந்த நடுத்தர எஸ்யூவிகள் இவ்வளவு விற்பதற்குப் பாதிக் காரணம் வீட்டில் இருக்கும் வயதானவர்களின் முட்டியும் இடுப்பும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மருந்துக்கடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு இது நன்றாகவே தெரியும்.

சாய்மானத்தை ஒரு படி பின்னால் தள்ளிக்கொள்ளலாம். தலை வைக்கும் இடத்தில் மெத்தென்று ஒரு சின்னத் தலையணை. ஜன்னலுக்குத் திரை இருக்கிறது, கரூர் வெயிலுக்கு அது ஆடம்பரமே இல்லை. பின்னால் ஏசி வருகிறது. நடுவில் உட்காருபவருக்கும் தோளில் இருந்து வரும் முழு பெல்ட் உண்டு. பழையபடி இடுப்புப் பட்டை மட்டும் என்று விட்டுவிடவில்லை. பின்னால் யாராவது பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்தும். என் மாமனார் முதலில் எரிச்சல்பட்டார். இப்போது உட்கார்ந்ததும் கை தானாகப் பெல்ட்டுக்குப் போகிறது.

மூன்று பெரியவர்கள் பின்னால் உட்கார்ந்து கரூரில் இருந்து மதுரை வரை போகலாம். சென்னை வரை என்றால் நடுவில் இருப்பவர் பாவம். குழந்தை சீட்டைப் பூட்டுவதற்கென்றே பின் சீட்டில் இருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டிவிட்டால் பாதிச் சீட்டு போன மாதிரிதான். ஐந்து பேருக்கு மேல் அடிக்கடி சேர்ந்து போகும் வீடாக இருந்தால் இதே கம்பெனியின் அல்கஸாரைப் பாருங்கள். டிக்கியில் அத்தையின் மடக்கு வாக்கர், இரண்டு சூட்கேஸ், ஒரு ஊறுகாய் ஜாடிப் பை போகும். பெரிய சூட்கேஸ் மூன்றாவது வந்தால் சீட்டை மடக்க வேண்டியதுதான்.

புது வடிவத்தில் எனக்கு உண்மையிலேயே உபயோகமானவை இரண்டு. இரண்டுக்கும் விளம்பரத்தில் பெரிய இடம் கிடையாது.

ஒன்று, இண்டிகேட்டர் போட்டதும் அந்தப் பக்கத்துக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கேமரா காட்டும் காட்சி ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் திரையில் வருவது. ஜவஹர் பஜாரில் இடது பக்கம் திரும்பும்போது நமக்கும் கடைப் படிக்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டி நிச்சயம் புகுந்து வரும். கண்ணாடியில் அது தெரியாமல் போகும் ஒரு கணம் இருக்கிறது, வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணத்தில் திரையில் ஸ்கூட்டிக்காரரின் ஹெல்மெட் தெரிகிறது. நான் நின்றுவிடுகிறேன். பழைய வண்டியில் இது இல்லை. என் தம்பி இதைப் பார்த்துவிட்டுத்தான் முதல் தடவையாக "சரி, இது நல்லாருக்குக்கா" என்றான்.

இன்னொன்று, நிறுத்திய வண்டியின் கதவைத் திறக்கப் போகும்போது பின்னால் ஏதாவது வந்தால் எச்சரிப்பது. குழந்தைகள் திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பள்ளி வாசலில் எத்தனை பைக் கதவில் மோதி விழுந்திருக்கிறது! சத்தம் கேட்டால் கை எடு என்று மகனுக்குப் பழக்கிவிட்டோம்.

இந்த இரண்டும் சில வேரியன்ட்டில்தான் உண்டு. ரேடார், கேமரா வைத்து ஓட்டுபவருக்கு உதவும் அடாஸ் வசதிகள் எஸ்எக்ஸ் டெக், எஸ்எக்ஸ் ஆப்ஷனல் போன்ற மேல் வேரியன்ட்களில்தான். பக்கக் கேமரா காட்சி வேண்டும் என்றால் எஸ்எக்ஸ் ஆப்ஷனல் வரை ஏற வேண்டும். சன்ரூஃப் அதற்குக் கீழேயே கிடைத்துவிடுகிறது. சித்திரை வெயிலில் யார் அதைத் திறக்கப் போகிறார்கள்? எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவதைக் கீழே கொடுத்துவிட்டு உயிர் காப்பதை மேலே வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், அது நல்ல மாற்றம்.

அடாஸில் மற்றவை ரோட்டைப் பொறுத்தது. கரூரில் இருந்து அரவக்குறிச்சி, திண்டுக்கல் வழியாக மதுரை போகும் நாலு வழிச் சாலையில் வெள்ளைக் கோடு தெளிவாக இருக்கும். அங்கே முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குரூஸ் சுகம், கால் ஓய்வெடுக்கிறது. ஆனால் நாம் விடும் இடைவெளியில் இன்னொருவர் வந்து நுழைவார், வண்டி பிரேக் பிடிக்கும், மறுபடி இடைவெளி விடும், மறுபடி ஒருவர் நுழைவார். காங்கேயம், பல்லடம் வழியாகக் கோவை போகும் ரோட்டில் நான் அதையெல்லாம் தொடுவதே இல்லை. எதிரே பஸ் ஏறி வரும், ஓரத்தில் சைக்கிள் போகும், கோட்டைத் தாண்டித்தான் ஒதுங்க வேண்டும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் தன் பங்குக்கு லேசாக இழுப்பது எனக்கு வேண்டாம்.

எஞ்சின் விஷயத்தில் எங்கள் வீட்டில் மூன்று கட்சி. எங்களுடையது சாதா 1.5 லிட்டர் பெட்ரோல், 115 பிஎஸ் சக்தி, கியர் படிகள் இல்லாமல் ஓடும் ஐவிடி ஆட்டோமேட்டிக். தம்பியுடையது டீசல் மேனுவல். கோவையில் இருக்கும் சித்தப்பா மகன் புது வடிவத்தின் 1.5 டர்போ வைத்திருக்கிறான். 160 பிஎஸ் சக்தி, 253 நியூட்டன் மீட்டர் இழுவை. பழைய 1.4 டர்போவுக்குப் பதில் வந்தது இது. அவன் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் முதுகு சீட்டோடு ஒட்டுகிறது. ஊருக்குள் லிட்டருக்கு ஒன்பது தாண்டுவதில்லை என்று அவனே சொல்கிறான். தம்பியோ லாரிகளை முந்தும்போது கியர் மாற்றாமலே இழுக்கும் டீசலை விட்டுக் கொடுக்க மாட்டான். வாரம் ஒரு தடவையாவது ஹைவேயில் போகிறவர்களுக்கு அது சரி. கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டினால் டீசலின் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளப் போதுமான சூடு கிடைக்காது. அதனால்தான் நாங்கள் பெட்ரோலுக்குப் போனோம்.

எங்கள் வண்டி ஊருக்குள் ஏசி போட்டு பத்து, பதினொன்று. ஹைவேயில் தொண்ணூறிலேயே போனால் பதினாறு வரை. கம்பெனி சான்றிதழ் எண் 17.7. மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறும்போது ஐவிடியின் குணம் தெரியும். காலை அழுத்தினால் முதலில் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் அப்புறம் வரும். கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்போர்ட் மோடில் வைத்துக்கொள்வேன். முந்துவதற்கு அவசரப்படாத ஆளுக்கு இது போதும். அத்தைக்கு வாந்தி வராமல் மலை ஏறுகிறது என்பது எனக்கு 160 பிஎஸ்ஸைவிடப் பெரிது.

பாதுகாப்பு நட்சத்திரம் பற்றி ஒரு விஷயம். 2022இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இரண்டு ஏர்பேக் கொண்ட முந்தைய வடிவத்தைச் சோதித்தபோது பெரியவர்களுக்கு மூன்று, குழந்தைகளுக்கு மூன்று நட்சத்திரம் கிடைத்தது. வண்டியின் கூடு, அதாவது ஆட்கள் உட்காரும் பகுதியைச் சுற்றியுள்ள உடற்கட்டு, நிலையானதாக இல்லை என்றும் சொன்னார்கள். அந்த எண்ணை அப்படியே புது வண்டிக்கு ஒட்டுவது சரியில்லை. ஆறு ஏர்பேக் இருப்பதாலேயே கூடு பற்றிய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்பதும் சரியில்லை. ஏர்பேக் தலையையும் மார்பையும் காக்கும், கூடு நொறுங்காமல் நிற்பது வேறு வேலை. வாங்கப் போகிறவர்கள் இந்தக் கேள்வியை விற்பனையாளரிடம் நேராகக் கேளுங்கள்.

விலை. ஆரம்பத்தில் 11 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, உச்சியில் 20 லட்சத்தைத் தொடும் என்றுதான் 2024இல் அறிவித்தார்கள், ஷோரூம் விலையாக. எஞ்சின் எல்லாம் 1500 சிசிக்குள் அடங்கியிருப்பது தற்செயல் இல்லை. நாலு மீட்டருக்கு மேல் நீளம் இருந்தாலும் 1500 சிசிக்குள் இருந்தால் அப்போது செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து ஜிஎஸ்டி 45 சதவீதம், பெரிய எஞ்சின் போட்ட எஸ்யூவிக்கு 50. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ்ஸை எடுத்துவிட்டு 40 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். ஆகவே பழைய விலைப் பட்டியலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

இன்சூரன்ஸில் கவனம். நாங்கள் விசாரித்த ஒரு ஷோரூமில் இன்சூரன்ஸ் எங்களிடம்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் தள்ளுபடி கிடையாது என்றார்கள். எழுதிக் கொடுங்கள் என்று என் கணவர் கேட்டதும் பேச்சு மாறியது. பாலிசியை எங்கே எடுப்பது என்பது வாங்குகிறவரின் உரிமை. புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருஷத்துக்கு மொத்தமாக எடுக்க வேண்டும், நம் வண்டிக்கான சேதக் காப்பீடு வருஷா வருஷம் மாற்றிக்கொள்ளலாம். வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் போங்கள்.

எது வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடைத்தெரு ஓட்டம் அதிகம் என்றால், பணமும் இருந்தால், எஸ்எக்ஸ் ஆப்ஷனல், அந்தப் பக்கக் கேமராவுக்காக. கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றால் எஸ்எக்ஸ் டெக். டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் முட்டி வலி உள்ளவரைக் கட்டாயம் கூட்டிப் போய், யாரும் பிடிக்காமல் பின்னால் ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஆக்சசரி என்று நீட்டும் குரோம் பட்டி, சீட் கவர், டோர் விளக்கு எதுவும் வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தக் காசுக்கு ஐசோஃபிக்ஸில் மாட்டும் நல்ல குழந்தை சீட்டாகப் பார்த்து வாங்கிவிடுங்கள், டெலிவரி எடுக்கும் அன்றே கையில் இருக்கட்டும்.