பள்ளம் வந்தால் எரியும் லைட்

நிலாவெளி வீதியில் எங்கள் அத்தானின் போட் ட்ரெய்லருக்குப் பின்னால் வருகிறவருக்குக் கொஞ்சம் சாத்திரம் தெரிந்திருக்க வேண்டும். பிரேக் அடித்தால் பிரேக் லைட் எரியாது. பார்க் லைட்டும் நம்பர் பிளேட் லைட்டும் மங்கலாக விழிக்கும். சிக்னல் போட்டால் பின்பக்கத்தில் இருக்கிறதெல்லாம் சேர்ந்து கண்ணடிக்கும். சக்கரம் பள்ளத்தில் விழும்போது மட்டும் ஒரு கணம் எல்லாம் ஒழுங்காக எரிந்துவிட்டு, பிறகு பழைய குணத்துக்குப் போய்விடும்.

அத்தான் சீசனில் புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போகிறவர். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் போட்டை ட்ரெய்லரில் ஏற்றி உப்புவெளி வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். அப்படி வந்த ஒரு மாலைநேரம் டிராபிக் பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார்.

"அண்ணை, இடப்பக்கம் திரும்பப் போறீங்களா, நிக்கப் போறீங்களா?"

"நேர போறன் தம்பி."

அவர் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். லைட்டின் சிவப்பு மூடிக்குள் பாதிவரை கடல் தண்ணீர். அதற்குள் ஒரு கூனி இறால் சுகமாக உலாவிக்கொண்டிருந்தது. "லைட்டைத் திருத்தச் சொல்லத்தான் எனக்கு அதிகாரம். இறால் வளர்க்கிறதென்றால் அதுக்கு வேற கந்தோர்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நல்ல மனுசன்.

லைட் ஒழுங்காக எரிந்த காலத்திலேயே தண்ணீர் உள்ளே போனதற்குக் காரணம் இருக்கிறது. போட்டை இறக்க ட்ரெய்லரைப் பின்னுக்கு விடும்போது அத்தானின் கால் பிரேக்கில்தான் இருக்கும். பல்ப் கொதிக்கும். அப்படியே கடலுக்குள் இறங்கும். திருகோணமலைக் கடலைக் குளிர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கொதிக்கிற பல்புக்கு அது ஐஸ். ஒன்றில் கண்ணாடி வெடிக்கும், இல்லாவிட்டால் உள்ளேயிருக்கும் சூட்டுக்காற்று சுருங்கி, ரப்பர் ஓரத்தால் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும்.

ஆகவே புது எல்இடி லைட் வாங்கப் புறப்பட்டோம். கடைக்காரத் தம்பி காட்டிய எல்லாமே "வாட்டர் ப்ரூஃப்"தான். அந்தச் சொல்லை அட்டைப் பெட்டியில் யாரும் அடிக்கலாம். பார்க்க வேண்டியது, தூசும் தண்ணீரும் உள்ளே போகாமல் எவ்வளவு தாங்கும் என்று காட்டுகிற ஐபி (IP) இலக்கம். ஐபி65 என்றால் பைப் தண்ணீர் பீச்சியடித்தால் தாங்கும். லொறிக்குப் போதும், கடலுக்குள் இறக்க முடியாது. ஐபி67 ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்க வேண்டும். மூடியைக் கழற்றவே முடியாதபடி முழுசாக ஒட்டி அடைத்த ஐபி67 ஜோடி ஒன்றை எடுத்தோம். பல்ப் மாற்ற வழியில்லையே என்று அத்தான் முனகினார். தண்ணீருக்கும் வழியில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தானுக்குச் சோதனை செய்து பார்க்கும் ஆசை வந்துவிட்டது. அக்கா அரிசி களைகிற பெரிய சட்டிதான் அகப்பட்டது. பற்றரியில் கொழுவி லைட்டைச் சட்டிக்குள் அமிழ்த்தினார். ஒரு குமிழிகூட வரவில்லை. இருட்டின குசினிக்குள் சட்டி செக்கச்செவேலென்று எரிய, பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து "என்ன பிள்ளை, நேர்த்திக்கடனா?" என்று கேட்டார். அக்கா சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

பூட்டினோம். புது லைட் பழைய கூத்து எதையும் ஆடவில்லை. சுத்தமாக எரியவேயில்லை. பள்ளம் வந்தால் மட்டும் எரிந்தது.

கடைக்காரனைப் பிடித்து உலுக்கப் புறப்பட்ட அத்தானை மறித்தவர் மாமியின் புருசன், பழைய வயரிங்காரர். நீளமான ஒரு வயரை எடுத்து, ஒரு நுனியை வாகனப் பற்றரியின் நெகட்டிவிலும் மறு நுனியை லைட்டின் எர்த் வயரிலும் பிடித்தார். பளிச்சென்று எரிந்தது. "லைட்டில பிழையில்லை தம்பி. போன கரண்ட் திரும்பி வாறதுக்கு ரோட்டில்லை."

ட்ரெய்லர் சட்டத்தில் எர்த் வயரை முறுக்கியிருந்த இடத்தைச் சுரண்டினார். பச்சைத் தூள் கொட்டியது. செம்பு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இவ்வளவு காலமும் கரண்ட் திரும்பியது வாகனத்தில் கொழுவுகிற அந்த இரும்புக் குண்டு வழியாகத்தான். அதற்கும் அத்தான் அள்ளி அள்ளிக் கிரீஸ் பூசி வைத்திருந்தார். பள்ளத்தில் குலுங்கி இரும்பும் இரும்பும் முட்டினால்தான் வெளிச்சம். பழைய பல்புகளில் பிரேக் கரண்ட் பக்கத்து இழைகளுக்குள்ளால் நுழைந்து திரும்பியிருக்கிறது. அந்தக் கண்ணடிப்பெல்லாம் அதனால்தான். புது எல்இடியில் அப்படி நுழைந்து திரும்ப இழையே இல்லை.

மாமா ஒவ்வொரு லைட்டிலிருந்தும் பிளக் வரைக்கும் தனி எர்த் வயர் இழுத்தார். வெள்ளீயம் பூசிய செம்பு வயர். பொருத்துகளுக்கு, சூடு காட்டினால் சுருங்கி உள்ளே பசையும் உருகுகிற குழாய். கறுப்பு இன்சுலேஷன் ரேப்பை அத்தான் நீட்டியபோது, "இது உப்புத்தண்ணியைப் பத்திரமா பொத்தி வைக்கத்தான் உதவும்" என்று எறிந்துவிட்டார். பிளக் ஊசிகளுக்குக் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ். கடலுக்குள் இறக்குமுன் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஏறியதும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கிணற்று வாளியோடு அத்தான் ட்ரெய்லரைக் குளிப்பாட்டுகிற பக்குவத்தைப் பார்த்து, பிள்ளைகளை ஒருநாளாவது இப்படிக் குளிக்க வார்த்ததுண்டா என்று அக்கா கேட்கிறாள்.

இப்போது அத்தான் கடற்கரையில் காண்கிறவர்களுக்கெல்லாம் எர்த் வகுப்பு எடுக்கிறார். போன கிழமை வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பிடித்துக்கொண்டார். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்கட வள்ளத்தை ஆக்கள் சேர்ந்து கையாலதான் தள்ளுறம் தம்பி. இந்த லைட்டை ஆற்ற முதுகில பூட்டுறது?"