மார்பின் மாத்திரை தீர்ந்துபோன பொங்கல்

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய், இடுப்பெலும்புவரை பரவியிருந்தது. ஸ்கேன், பயாப்சி, ஊசியெல்லாம் பெரிய சிக்கலில்லாமல் முடிந்தன. எங்களைப் படுத்தியது மார்பின் (morphine) என்கிற, கடும் வலிக்கான 10 மில்லிகிராம் மாத்திரைதான்.

முதலில் கொடுத்த டிரமடால் என்ற வலி மருந்துக்கு வலி அடங்காததால் டாக்டர் மார்பின் எழுதிக்கொடுத்தார். சீட்டோடு ஊரில் மூன்று மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரர் சீட்டை மடித்து என் கையிலேயே திணித்து, "இதெல்லாம் இங்க கேக்காதீங்க தம்பி" என்றார், நான் கஞ்சா கேட்டதுபோல. மத்தியப் பிரதேசத்தின் நீமச்சில் அரசாங்கமே ஆலை வைத்து அபினியிலிருந்து மார்பின் எடுக்கிறது. ஆனால் நம்மூர் மெடிக்கலில் கிடைக்காது. போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வாங்கி வைத்து நோயாளிகளுக்குக் கொடுக்கின்றன. சீட்டு எழுதும்போதே "எங்கே கிடைக்கும்?" என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை, ஒரு நாள் போயிற்று.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மாத்திரை, இரவு பத்து மணிக்கு மட்டும் இரண்டு. நடுராத்திரி எழுப்ப வேண்டாமே என்று. குமட்டலும் தூக்கக் கலக்கமும் ஒரு வாரத்தில் தானாகவே போய்விட்டன. கூடவே எழுதியிருந்த மலமிளக்கியை, தேவைப்பட்டால் கொடுத்துக்கொள்ளலாம் என்று நான் தள்ளி வைத்தேன். ஐந்து நாள் அப்பா பட்ட பாடு! வலியை அடக்க மூளையிலும் முதுகுத்தண்டிலும் மார்பின் போய் உட்காரும் இடங்களுக்கு மியூ ஏற்பிகள் என்று பெயர்; அதே ஏற்பிகள் குடலிலும் இருக்கின்றனவாம். குமட்டலுக்கு உடம்பு பழகிக்கொள்ளும், மலச்சிக்கலுக்குப் பழகாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கியைக் கொடுங்கள்.

பெரிய கூத்து பொங்கலுக்கு. போகியன்று இரண்டு பஸ் மாறி மாத்திரை வாங்கப் போனேன். கவுன்டரில், "நோயாளி புக் எங்கே?" வீட்டில். போனில் போட்டோ காட்டினேன். "ஒரிஜினல் வேணும். பதினெட்டாம் தேதி வாங்க." டாக்டரும் லீவில் போயிருந்தார். கையில் இருந்தது 15ஆம் தேதி இரவுவரைதான்.

மாட்டுப்பொங்கல் மத்தியானத்துக்குள் அப்பாவுக்கு ஓயாத கொட்டாவி, மூக்கில் தண்ணி, கையெல்லாம் புல்லரிப்பு, வேர்வை. சாயங்காலம் வயிற்றுப்போக்கு. அதற்கு நடுவே பழைய வலியும் திரும்பிவிட்டது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றி, ஒரு சாதாரண வலி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மார்பின் நின்றுபோனதைச் சொல்லத் தெரியாமல் நான் "வயித்தால போகுது" என்று மட்டும் சொன்னதும் ஒரு காரணம். வந்து பார்த்த சித்தப்பா, "எங்கண்ணன போதைக்கு அடிமையாக்கிட்டீங்களேடா" என்றார். இன்னும் உறுத்துகிறது.

பதினெட்டாம் தேதி டாக்டரிடம் அதைத்தான் முதலில் கேட்டேன். "பொங்கலுக்குக் கயிறு இழுக்கிற போட்டி பாத்திருப்பீங்களே தம்பி" என்று ஆரம்பித்தார். மார்பின் ஏற்பியில் உட்கார்ந்து நரம்புச் செல்லை அடக்கி ஒருபக்கம் இழுக்கிறது. நாள்பட நாள்பட செல்லும் தன் பங்குக்கு எதிர்ப்பக்கம் இழுக்கப் பழகிவிடுகிறது. ஒரு பக்கத்தார் சட்டென்று கயிற்றை விட்டால் மறுபக்கம் மல்லாக்க விழும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். உடம்பு பழகுவது வேறு, கெடுதல் என்று தெரிந்தும் மருந்தைத் தேடி அலைகிற அடிமைத்தனம் வேறு. மத்தியானம் இரண்டு மணிக்கு மாத்திரைக்கான அலாரம் அடித்தால், "இப்ப வலி இல்லையே, எதுக்கு?" என்று கேட்கிற மனிதர் எங்கப்பா. சித்தப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

இடையில் விட்டுப்போனதால் டாக்டர் அளவைக் குறைத்துத்தான் மறுபடி தொடங்கினார், பிறகு மெல்லப் பழைய அளவுக்கு ஏற்றினார். நாமாக எதையும் நிறுத்தவும் கூடாது, விட்டதைச் சேர்த்துக் கொடுக்கவும் கூடாது.

மார்ச்சில் மறுபடி வலி கூடியது. ஏற்பிகள் மந்தமாகும், சில செல்லுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளப்படும், அதனால் அதே அளவு மருந்து பத்தாமல் போகும் என்று அதற்குள் நானும் அரைகுறையாகக் கற்றிருந்தேன். "பழகிடுச்சு போல, கூட்டிக் குடுங்க" என்றேன். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தொடையெலும்பில் புதிதாக ஓர் இடம். அங்கே ஒரே ஒரு முறை கதிர்வீச்சு கொடுத்தார்கள். இரண்டு மூன்று வாரத்தில் வலி இறங்கிவிட்டது, மாத்திரையைக் கூட்ட வேண்டியே வரவில்லை.

தீபாவளிக்கு நான் உஷார். பத்து நாள் முன்னாடியே போனேன். ஒரிஜினல் புக், அப்பாவின் கையெழுத்திட்ட கடிதம், இரண்டு பேர் ஆதார், பண்டிகைக்காக 14 நாளுக்குப் பதில் 21 நாளுக்கு டாக்டர் எழுதிய சீட்டு. அதே கவுன்டர்காரர் எல்லாவற்றையும் இரண்டு தடவை புரட்டினார். கேட்க ஒன்றும் மிச்சமில்லை. நாளுக்கு ஆறு, மொத்தம் 126 மாத்திரை. அவர் எண்ணி வைத்ததை அங்கேயே நின்று நானும் எண்ணினேன். முறைத்தார். ஒன்று குறைந்தது. பேசாமல் ஒரு பட்டையை எடுத்து, கத்தரியால் ஒன்றை வெட்டி இந்தப் பக்கம் நகர்த்தினார்.