படியில் பதித்த கம்பி

எங்கள் தெருமுனைக் கடைப் படியில் போன வாரம் கூர்க் கம்பிகளைப் பதித்துவிட்டார்கள். இரவில் அங்கே ஒரு பெரியவர் படுத்திருப்பார். விடிந்ததும் படியைப் பெருக்கிவிட்டுத்தான் போவார். "காப்பகம் இருக்கே, அங்க போக வேண்டியதுதானே?" என்றார் கடைக்காரர்.

இருக்கிறதுதான். பெருநகரங்களில் வீடில்லாதவர்கள் தங்க லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை மாநகராட்சியும் நடத்துகிறது, 1913 என்ற எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம். ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. பாரிமுனை நடைபாதையில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் என்ன செய்வார்கள்? புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கமா? பூக் கட்டுவது, மூட்டை தூக்குவது, மீன்பாடி வண்டி ஓட்டுவது என்று பிழைப்பே அந்தத் தெருவில்தான். சரி, வீடே தருகிறோம் என்று ஊர்க்கோடியில் இருக்கும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினால், விடிகாலை மூன்று மணிக்குப் பூக்கடைக்கு வர எந்த பஸ் இருக்கிறது? (நமக்கு ஆபீசுக்குப் பத்து கிலோமீட்டர் போவதற்கே மூக்கால் அழுகிறோம்.)

நேற்றிரவு பெரியவர் எதிர்ப்பக்க ஏடிஎம் வாசலில் இருந்தார். காலையில் அந்த வாசலும் பெருக்கியிருந்தது.