தோடர் பூத்துக்குளி

ஊட்டியில் ஒரு கடையில், நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள் கையால் தைக்கும் 'தோடா சால்வை' கேட்டேன். எடுத்துப் போட்டதெல்லாம் மெஷின் தையல். விலை என்னவோ மலிவுதான், ஆனால் தொட்டாலே தெரிந்துவிடுகிறது.

பூத்துக்குளி என்பது இந்தச் சால்வைக்குத் தோடர்கள் சொல்லும் பெயர். அசல் பூத்துக்குளியில் துணியின் மேல் கோலம் வரைந்துகொள்வதே கிடையாது. முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் பாவு, ஊடை (நெடுக்கு, குறுக்கு) இழைகளைக் கண்ணாலேயே எண்ணி, சிவப்பு, கறுப்பு நூலில் பெண்கள் தைத்துக்கொண்டே போகிறார்கள். திருப்பத்தில் நூலை இழுத்து இறுக்காமல் கொஞ்சம் தளர விடுகிறார்கள். அதனால் ஒரு பக்கம் சொரசொரவென்று மேடு தட்டி நிற்கும். நாம் உள்பக்கம் என்று நினைக்கும் அந்தப் பக்கம்தான் அவர்களுக்கு வெளிப்பக்கம்! (நானும் முதலில் மாற்றித்தான் போர்த்தியிருந்தேன்.)

2013இல் இந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு (குறிப்பிட்ட இடத்துப் பொருளுக்கே அந்தப் பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு) கிடைத்தது. சரி, போலி நின்றதா? இல்லை. ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் உட்காரும் கையோடு மெஷின் போட்டி போட்டால் என்ன ஆகும்?

பழங்குடிகளின் கைவேலை மட்டுமல்ல, மொழியும் நிலைக்க வேண்டும். கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை நடத்தும் சமுதாய வானொலியில் பழங்குடி மொழிகளிலேயே நிகழ்ச்சிகள் வருகின்றன. அந்த மாதிரி முயற்சிகளுக்குக் கை கொடுக்கலாம். மலைக்குப் போகிறவர்கள் சால்வை வாங்கினால் தைத்தவர்களிடமே வாங்குங்கள். அப்புறம், தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.