நெரிசல் கரைந்த அன்று: தானியங்கி வாகன ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு

பிஎச்டி இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் என் கைடிடம் ஒரு வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். நெடுஞ்சாலையில் பக்கச் சாலை வந்து சேரும் இடம், காலை நேரக் கூட்டம், அதில் நூற்றுக்குப் பத்து வண்டிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் தானியங்கி வாகனங்கள். என் அல்காரிதத்தை ஓடவிட்டதும் நெரிசல் கரைந்துபோயிருந்தது. அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இதில் எத்தனை வண்டி டெலிபோர்ட் ஆனது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பயன்படுத்தியது சுமோ, ஜெர்மனியின் டிஎல்ஆர் விண்வெளி ஆய்வு மையம் உருவாக்கிய இலவச டிராஃபிக் சிமுலேட்டர், இந்தத் துறைக்கு வரும் பெரும்பாலானோர் முதலில் தொடுவதும் அதைத்தான். தடத்தின் முன்னால் 300 விநாடி நகர முடியாமல் நிற்கும் வண்டியை அது தூக்கி அப்பால் வைத்துவிடும், அதற்குப் பெயர்தான் டெலிபோர்ட். நாம் மாற்றாதவரை அதன் இயல்பே அதுதான். அன்று இரவு லாக் ஃபைலைத் திறந்தால் வரிசையாக எச்சரிக்கைகள். நடந்தது இதுதான்: என் அல்காரிதம் பிரதான சாலை வண்டிகளை நெருக்கமாகக் கோத்துவிட்டது, பக்கச் சாலை வண்டிகளுக்கு உள்ளே நுழைய இடமே இல்லை, அவை நின்றன, 300 விநாடி ஆனதும் ஒவ்வொன்றாக மறைந்தன. ஏழு மாத வேலை அது. அல்காரிதம் நெரிசலைத் தீர்க்கவில்லை, வண்டிகளைச் சாலையிலிருந்து அகற்றிக்கொண்டிருந்தது.

கூட்டுறவுப் போக்குவரத்து மேலாண்மையில், அதாவது வண்டியும் வண்டியும், வண்டியும் சிக்னலும் பேசிக்கொண்டு முடிவெடுக்கும் ஆராய்ச்சியில் சேரப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் சொல்வது அதனால் இதைத்தான். உங்கள் அல்காரிதத்தைத் தொடுவதற்கு முன் தானியங்கி வாகனம் ஒன்றுகூட இல்லாத பேஸ்லைனை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படை ஓட்டத்தை, உண்மைச் சாலையோடு பொருத்திப் பாருங்கள். அதற்கு ஒரு வருடம் போனாலும் போகட்டும், அது வீண் அல்ல.

சுமோவில் இன்னும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, ரேண்டம் சீடை, அதாவது தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்ணை, நீங்கள் மாற்றாவிட்டால் அது எப்போதும் 23423தான், பத்து முறை ஓடவிட்டாலும் ஒரே விடைதான் வரும், அதைப் பார்த்து முடிவு நிலையாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு, சிமுலேட்டர் ஒவ்வொரு அடியாக முன்னேறும் நேர இடைவெளி இயல்பாக 1 விநாடி. தானியங்கி வண்டிகள் ஐரோப்பியத் தரநிலைப்படி தங்கள் இருப்பிடத்தையும் வேகத்தையும் விநாடிக்கு 1 முதல் 10 முறை அறிவிக்கும், ஆக 1 விநாடி இடைவெளியில் அந்தப் பேச்சைச் சோதிப்பதில் அர்த்தமில்லை. 0.1க்குக் குறையுங்கள், கணினி மெதுவாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு விஷயத்தில் நான் கண்டது, சின்னதாக எடுத்தால்தான் ஆழமாகப் போக முடிகிறது. எல்லா வண்டியும் தானியங்கி என்று வைத்துக்கொண்டால் கணக்கு அழகாக வரும். 2004இல் டெக்சாஸ் ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் டிரெஸ்னரும் ஸ்டோனும் சிக்னலே இல்லாத சந்திப்பை அப்படித்தான் முன்வைத்தார்கள், ஒவ்வொரு வண்டியும் தான் கடக்கும் நேரத்தை முன்பதிவு செய்துகொள்ளும். அதைப் படித்தே தீர வேண்டும். ஆனால் இன்றைய கேள்வி நூற்றில் பத்து, இருபது வண்டி மட்டும் பேசும்போது என்ன ஆகும் என்பதுதான், அங்கே கஷ்டமானது இயந்திரம் அல்ல, நடுவில் ஓட்டிக்கொண்டு வரும் மனிதர். நகரம் முழுக்க என்று ஆரம்பித்த என் தலைப்பு கடைசியில் ஒரே ஒரு இணைப்புச் சாலையில் வந்து நின்றது, அதற்கே நாலரை வருடம் பிடித்தது.

அந்த மனிதரைப் புரிந்துகொள்ளத் தரவு வேண்டும். உண்மைச் சாலையில் ஒவ்வொரு வண்டியும் நகர்ந்த பாதையைப் பதிவுசெய்த அமெரிக்காவின் என்ஜிசிம் தரவைத்தான் எல்லாரும் எடுப்பார்கள், ஆனால் அதில் இருப்பிட அளவீட்டுப் பிழை நிறைய, அப்படியே முடுக்கம் கணக்கிட்டால் எந்தக் காரும் எட்ட முடியாத எண்கள் வரும். ஜெர்மன் நெடுஞ்சாலைகளில் ட்ரோன் கொண்டு எடுத்து 2018இல் வெளியிட்ட ஹைடி தரவு எவ்வளவோ தெளிவு. எதை எடுத்தாலும் முதல் வாரம் வண்டிகளின் பாதைகளைக் கோடுகளாக வரைந்து கண்ணால் பாருங்கள்.

வைவாவில், அதாவது தீசிஸ் மீதான வாய்மொழித் தேர்வில், முதலில் கேட்டது செய்தி தொலைந்தால் என்ன ஆகும் என்று. தகவல்தொடர்பு எப்போதும் சரியாக இருக்கும் என்று வைத்துக்கொண்ட தீசிஸ் அங்கேயே ஆட்டம் காணும். நல்ல வேளையாக நான் ஒரு அத்தியாயமே அதற்கு ஒதுக்கியிருந்தேன்.

நம் ஊர் டிராஃபிக்கில் இதைச் செய்ய முடியுமா என்று சென்னையிலிருந்து கேட்கிறார்கள். செய்யலாம், செய்யவும் வேண்டும். தடமே பார்க்காமல் பைக்கும் ஆட்டோவும் பஸ்ஸும் கலந்து ஓடுவதைத் தடம் பிரித்த மாதிரிகளில் அடைக்க முடியாது, ஒரு தடத்தையே பல குறுகிய பட்டைகளாகப் பிரிக்கும், சுமோவில் உள்ள துணைத்தட மாதிரியிலிருந்து தொடங்குங்கள். கிரீஸின் கிரீட் தீவில் போக்குவரத்து ஆய்வாளர் பாப்பஜார்ஜியோவின் குழு தானியங்கி வாகனங்களுக்குத் தடமே வேண்டாம் என்று ஆராய்கிறது, நம் சாலைகளைத் தினமும் பார்ப்பவருக்கு அங்கே சொல்ல நிறைய இருக்கும் என்று நம்புகிறேன்.

சரி, எங்கே தொடங்குவது? 2008இல் சுகியாமா குழு ஜப்பானில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னது. தடை எதுவும் இல்லாமலே நெரிசல் பிறந்து அலையாகப் பின்னோக்கி நகர்ந்தது. பத்து ஆண்டுக்குப் பின் வந்த அரிசோனா ஆய்வில், ஸ்டெர்ன் குழு அதேபோன்ற வட்டத்தில் இருபது சொச்சம் கார்களுக்கு நடுவே ஒரே ஒரு காரைக் கணினியிடம் கொடுத்து அந்த அலையை அடக்கியது. இரண்டு பேப்பரையும் படித்துவிட்டு அதே வட்டத்தை உங்கள் கணினியில் கட்டுங்கள். முதலில் அலை வரட்டும், அப்புறம் ஒரு காரை மாற்றி அதை அடக்குங்கள். டெலிபோர்ட்டை அணைத்துவிட்டு.