மூலைவாட்டு நார் படிஞ்சாச்சு: ஜான்னரே நாற்காலி, சீட்டு வேலை

ஜான்னரே மாதிரியில நானே செய்யிற தேக்கு நாற்காலிக்குப் பிரம்பு நார்ல சீட்டு பின்னி முடிச்சாச்சு. நார் காய்ஞ்சு இறுகி, விரலால சுண்டினா டண்ணுன்னு சத்தம் வருது. கொஞ்சம் பீத்திக்கத்தான் இதை எழுதுறேன்.

கால் சட்டத்துல சொல்ல பெருசா ஒண்ணுமில்ல. பழைய வீட்டு உத்திரத்துத் தேக்கு, செங்கோட்டைப் பக்கம் மில்லுல அறுத்தது. கழுந்தெல்லாம், அதாவது துளைக்குள்ள ஏறுற முனையெல்லாம், சிக்குனு ஏறிடுச்சு. கல்லிடைக்குறிச்சி ஆசாரி அண்ணாச்சி வந்து பார்த்துட்டு, "என்ன தம்பி, காலு கவுட்டையக் கவுத்து வச்ச மாதிரில்லா இருக்கு. இதுக்கா இம்புட்டு மெனக்கெடுதிய?"ன்னார். பியர் ஜான்னரேவோட அடையாளமே அந்தக் கவுட்டைதான்னேன். "யாரா இருந்தா என்ன, உக்காந்தா ஆடக்கூடாது"ன்னு சட்டத்தை அமுக்கிப் பார்த்தார். ஆடல.

கட்டடக் கலைஞரான ஜான்னரே, உறவுமுறையில அண்ணனான, சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்ட லெ கொர்பூசியேவோடயும் வடிவமைப்பாளர் ஷார்லோட் பெரியாண்டோடயும் சேர்ந்து பாரீஸ்ல ஸ்டீல் குழாயை வளைச்சு நாற்காலி செஞ்சவர். 1929ல கண்காட்சியிலயே வச்சாங்க. 1951ல அந்த நகரத்தைக் கட்டுற வேலைக்கு சண்டிகர் வந்ததும் கைக்குக் கிடைச்சது தேக்கு, பிரம்பு, உள்ளூர் தச்சர்கள். வேலையைப் பல பட்டறைக்குப் பிரிச்சுக் கொடுத்ததால ஒரே மாடல்லயே அளவு நாற்காலிக்கு நாற்காலி மாறும். "ஒரிஜினல் அளவு என்ன?"ன்னு கேட்கிறவங்களுக்கு அதான் என் பதில். 1965 வரைக்கும் அங்கேயே இருந்தார். 1967ல ஜெனீவால இறந்தார், 1970ல அஸ்தியை சண்டிகர் சுக்னா ஏரியில கரைச்சாங்க.

சண்டிகர் அரசு ஆபீஸ்கள்ல இருந்த அவரோட நாற்காலிகள் கதை வேற. பிரம்பு கிழிஞ்சு, மூலைமூலையா குவிஞ்சு கிடந்து, பழைய சாமான் விலைக்குப் போனதை வெளிநாட்டு ஏலத்துல லட்சக்கணக்குல வித்தாங்க. 2011லதான் உள்துறை அமைச்சகம் விற்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டது. கவனிங்க, முதல்ல போனது பிரம்பு. மரம் அப்படியே நின்னுச்சு. எல்லாரும் காலைப் படம் பிடிக்கிறாங்க, நான் சீட்டுலயே கிடக்கிறதுக்கு இதுதான் காரணம்.

இனி மூலைவாட்டு, அதாவது மூலைக்கு மூலை சாய்வா போற நார். நெட்டு, குறுக்கு, மறுபடி நெட்டு, மறுபடி குறுக்கு, இந்த நாலையும் பொறுமை இருந்தா யாரும் போடலாம். அஞ்சாவதும் ஆறாவதும்தான் சோதனை. எனக்கு சட்டத்துல நார் நுழையிற துளை அரை அங்குல இடைவெளி, நார் 2.5 மில்லி. ஒரு பக்கத்து மூலைவாட்டு நார் நெட்டு ஜோடிக்கு மேலயும் குறுக்கு ஜோடிக்கு அடியிலயும் போனா, எதிர்ப்பக்கத்து நார் அப்படியே தலைகீழா போகணும். சரியா போன நார் கட்டத்தோட மூலையில வழுக்கி உக்காரும், இழுத்தா தடையே தெரியாது. மாறிப் போனது சந்திப்புல கடிச்சு நிக்கும், இழுக்க இழுக்க ஓரம் பிசிறும். கண்ணை நம்பாதீங்க. ரெண்டு கட்டம் தாண்டினதும் இழுத்துப் பாருங்க, விரலுக்குத் தெரிஞ்சிரும். நாலு மூலைத் துளையிலயும் ரெண்டு நார் இறங்கணும், அதுல முதல்லயே ஆப்பு அடிச்சு அடைச்சிராதீங்க.

ஆடிக் காத்து வேற. பின்னும்போது நார் கண்ணு முன்னாலயே காய்ஞ்சு விறைச்சுது. ஜன்னலை அடைச்சிட்டு, ஈரத் துண்டுல சுத்தி வச்சு ஒவ்வொண்ணா உருவினேன். பாதி நுழைச்சதும் அடிப்பக்கம் ஸ்பாஞ்சால ஒரு தடவு. ரொம்ப ஊறவிட்டா மேல்தோல் மங்கிரும்.

ஆன்லைன்ல வாங்கின கட்டுல கணு வந்த இடமெல்லாம் மெலிஞ்சு கிடந்தது, வளைச்சா பட்டுனு போச்சு. காசு தெண்டம். கடைசியில பாளையங்கோட்டையில வக்கீல் ஆபீஸ் நாற்காலிகளுக்குப் பின்னுற பெரியவர் கொடுத்த நார்தான் காப்பாத்துச்சு. மெஷின்ல பின்னின பிரம்பு ரோலை சட்டத்துல வெட்டின காடியில (நீளப் பள்ளத்துல) ஒட்டினா ஒரே நாள்ல முடியுமேங்கிறவங்க தாராளமா ஒட்டிக்கோங்க, எனக்கு வேண்டாம்.

அடுத்த நாற்காலிக்கு முதுகுல பத்தமடைக் கோரைப்பாய் இழுத்துக் கட்டலாமான்னு ஒரு யோசனை. பாரம் முழுக்க பாவு நூல்மேல, அதாவது கோரையைக் கோத்துப் பிடிக்கிற நெட்டு நூல்மேல விழும், தாங்குமான்னு அங்க நெய்யிற அக்கா ஒருத்தங்ககிட்ட கேட்டேன். "பாயில படுக்கத்தான் எல்லாரும் கேப்பாக, நீங்க சாயக் கேக்கிய"ன்னு சிரிச்சாங்க. ஒரு துண்டு நெய்து தர்றேன்னிருக்காங்க.

இந்த நாற்காலிக்கு முதுகும் பிரம்புதான், துளை போட்டு வச்சிருக்கேன். கைப்பிடிக்கு இன்னும் உப்புத்தாள் தேய்க்கல. ஐப்பசி மழைக்கு முன்னால பாலிஷ் ஏத்திரணும், அப்புறம் லேசுல காயாது.