எஞ்சின் மாற்றிய சீரிஸ் லேண்ட் ரோவருக்கு எந்த கியர் விகிதம்?

காடுமேட்டிலும் ஓடும் பழைய நான்கு சக்கர இயக்க வண்டியான சீரிஸ் லேண்ட் ரோவரில், பிற்கால லேண்ட் ரோவர்களின் 200 டிடிஐ டர்போ டீசல் எஞ்சினைப் பொருத்துவது இன்று பரவலாக நடக்கும் வேலை. அந்த எஞ்சின் பழைய 2.25 லிட்டர் எஞ்சினின் வம்சத்திலேயே வந்தது என்பதால், பழைய கியர்பாக்ஸோடு அதிகச் சிரமமின்றி இணைந்துவிடுகிறது. உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: 70 குதிரைத்திறனுக்காக அமைத்த கியர் விகிதங்களை, 110 குதிரைத்திறனை ஒட்டிய, குணத்திலும் வேறுபட்ட ஓர் எஞ்சினுக்கு எப்படிப் பொருத்துவது? "ரேஞ்ச் ரோவரின் 3.54 டிஃபரன்ஷியலைப் போட்டுவிடுங்கள், எஞ்சின் அலறல் அடங்கிவிடும்" என்பதே வழக்கமாகக் கிடைக்கும் பதில் (டிஃபரன்ஷியல் என்பது ஆக்சிலின் நடுவே இருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்தனுப்பும் பற்சக்கரத் தொகுதி; 3.54 அதன் விகிதம்). அது தவறான பதில் அல்ல. ஆனால் கேள்வியின் பாதியை மட்டுமே அது பார்க்கிறது.

முதலில் பழைய அமைப்பைப் பார்க்கலாம். சீரிஸ் வண்டிகளின் ஆக்சில் விகிதம், அதாவது டிஃபரன்ஷியலின் விகிதம், 4.7. கியர்பாக்ஸிலிருந்து முன், பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியை அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸில், சாலை ஓட்டத்துக்கான ஹை ரேஞ்ச் 1.148. நான்காம் கியர் நேரடி இணைப்பு என்பதால், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான மொத்த விகிதம் ஏறத்தாழ 5.4 ஆகிறது, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் 5.4 முறை சுழலும். 235/85 ஆர்16 டயர் ஒரு சுற்றுக்கு 2.45 மீட்டர் உருள்வதாகக் கொண்டால், மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,300 முறை சுழல வேண்டும். அந்தச் சத்தத்தில் பக்கத்து இருக்கையோடு பேச முடியாது என்பது உண்மைதான், ஆனால் வடிவமைத்தவர்கள் அப்படி வைத்ததற்குக் காரணம் இருந்தது.

அந்தக் காரணத்தை இழுவிசைக் கணக்கில் காணலாம். ஏறக்குறைய 1.7 டன் எடையுள்ள, பெட்டி போன்ற முகப்பு கொண்ட இந்த வண்டிக்குச் சமதளத்தில் 90 கி.மீ. வேகத்தைத் தக்கவைக்கக் காற்றுத்தடையும் டயர் உராய்வும் சேர்ந்து சுமார் 950 நியூட்டன் விசையைக் கேட்கும் என்பது என் தோராயக் கணக்கு. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் ஏற்றம் வந்தால் அதோடு இன்னும் 830 நியூட்டன் சேரும். ஆக மொத்தம் 1,780. பழைய பெட்ரோல் எஞ்சின் 3,300 சுழற்சியில் சுமார் 145 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) தருவதாகவும், வழியில் பத்து சதவீதம் பற்சக்கர உராய்வில் வீணாவதாகவும் வைத்துக்கொண்டால், சக்கரத்தில் கிடைப்பது 1,800 நியூட்டன். அதாவது வண்டி அந்த ஏற்றத்தை நான்காம் கியரிலேயே மயிரிழையில் ஏறிவிடும். வேகம் சற்றுக் குறைந்தாலும் கவலையில்லை. இந்த எஞ்சினின் உச்ச டார்க் 2,500 சுழற்சியிலும் அதற்குக் கீழும் இருப்பதால், சுழற்சி இறங்க இறங்க டார்க் கூடவே செய்யும்.

இதே பெட்ரோல் எஞ்சினோடு 3.54 டிஃபரன்ஷியலைப் போட்டால் மொத்த விகிதம் 4.06 ஆகக் குறைகிறது. 90 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 2,490 சுழற்சியில் அமைதியாக ஓடும். அது உச்ச டார்க் கிடைக்கும் இடம் என்பதால் பொருத்தமானது போலவே தோன்றும். ஆனால் உச்சமான 165 நியூட்டன் மீட்டரையே முழுதாகக் கொடுத்தாலும் சக்கரத்தில் கிடைப்பது 1,550 நியூட்டன்தான். ஏற்றம் கேட்பது 1,780. வண்டி திணறும், வேகம் குறையும், மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். மூன்றாம் கியரின் விகிதம் 1.5 என்பதால் எஞ்சின் முன்பைவிட அதிகமாகவே அலறும். எஞ்சினை மாற்றாமல் டிஃபரன்ஷியலை மட்டும் மாற்றியவர்கள் நான்காம் கியர் இழுக்கவில்லை என்று சலித்துக்கொள்வது இதனால்தான்.

1989-இல் லேண்ட் ரோவர் டிஸ்கவரியில் அறிமுகமான 200 டிடிஐ எஞ்சினின் உச்ச டார்க் 1,800 சுழற்சியில் 265 நியூட்டன் மீட்டர். சீரிஸின் வாரிசான டிஃபெண்டரில் வந்த வடிவில் இது சற்றுக் குறைவு. 2,500 சுழற்சியில் 250 என்று வைத்தால், 3.54 விகிதத்தோடு சக்கரத்தில் 2,300 நியூட்டனுக்கு மேல் கிடைக்கும். ஏற்றத்தை ஏறிய பின்னும் கையிருப்பு உண்டு. இதில் மயங்கி, 3.54 டிஃபரன்ஷியலோடு ஓவர்டிரைவையும் (வேண்டும்போது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியரையும்) சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஃபேரி நிறுவன ஓவர்டிரைவின் விகிதம் 0.782, இரண்டும் சேர்ந்தால் 90 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 1,950 சுழற்சியில் நிற்கும். சக்கரத்தில் கிடைக்கும் 1,920 நியூட்டன் காகிதத்தில் போதுமானதுதான். ஆனால் எதிர்க்காற்றோ கூடுதல் சுமையோ சேர்ந்து வேகம் சற்று இறங்கினால், சுழற்சி உச்ச டார்க்குக்குக் கீழே போய்விடும். அதற்கும் கீழே டர்போவின் அழுத்தமே குறையத் தொடங்கும். அதனால் வேகம் இன்னும் இறங்கும். ஆகவே நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் உச்ச டார்க்கின் மேல் அமர்ந்திருக்கக் கூடாது. அதைவிட ஐந்நூறு அறுநூறு சுழற்சி மேலே இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். டர்போ டீசலுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும்.

இதுவரை சொன்னது தார்ச்சாலைக் கதை. இவ்வகை வண்டியை வைத்திருப்பதன் காரணமோ, மெதுவாக ஊர்ந்து செல்ல ட்ரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள லோ ரேஞ்சின் முதல் கியர். சீரிஸ் த்ரீயில் முதல் கியர் 3.68, லோ ரேஞ்ச் 2.35, ஆக்சில் 4.7, மூன்றையும் பெருக்கினால் 40.6. எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாத நிலையில், 750 சுழற்சியில் ஓடும்போது வண்டி மணிக்கு 2.7 கி.மீ. வேகத்தில் ஊர்கிறது. 3.54 டிஃபரன்ஷியலைப் போட்டதும் அந்த 40.6 என்பது 30.6 ஆகி, ஊரும் வேகம் 3.6 கி.மீ. ஆகிவிடும். புதிய எஞ்சினின் உச்ச டார்க்கை வைத்துக் கணக்கிட்டால் சக்கரத்தில் பழையதைவிட அதிக விசையே கிடைக்கிறது என்று வாதிடலாம். அந்த வாதம் பாறைகளுக்கு நடுவே செல்லாது: அங்கே எஞ்சின் ஐடிலை ஒட்டி ஓடுகிறது, டர்போ இன்னும் விழித்திருக்காது, செங்குத்தான இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கும் அதே விகிதத்தில் கால்பங்கு குறைந்திருக்கும். கிளட்சை அரைகுறையாக அழுத்திக்கொண்டே இறங்குவது யாருக்கும் நல்லதல்ல.

தயாரித்த நிறுவனமே இந்த எண்ணை எவ்வளவு கவனமாகக் காத்தது என்பதைக் கவனிக்கலாம். முந்தைய சீரிஸ் டூவில் முதல் கியர் 3.0-ஐ ஒட்டி இருந்தபோது லோ ரேஞ்ச் 2.888, பெருக்கினால் இதே 40.7 வருகிறது. பின்னாளில் ஆக்சில் விகிதம் 3.54 ஆனபோது, எல்டி230 ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் 3.32 என வைக்கப்பட்டது. டிஃபெண்டரின் மொத்த விகிதம் 42-ஐ ஒட்டி நின்றது. எஞ்சின் வளர்ந்தது, கியர்பாக்ஸ் மாறியது, இந்த எண் மட்டும் 40-ஐ விட்டு நகரவில்லை. 3.54 டிஃபரன்ஷியலை மட்டும் கழற்றி எடுத்து வந்து சீரிஸ் வண்டியில் போடும்போது, அதற்கு இணையாக அமைத்த 3.32-ஐ நாம் அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம்.

எனவே எவ்வளவு மாற்றுகிறோம் என்பதைவிட எந்த இடத்தில் மாற்றுகிறோம் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. டிஃபரன்ஷியலில் மாற்றினால் எல்லா கியர்களும், லோ ரேஞ்சும் சேர்ந்தே மாறும். ஓவர்டிரைவ் வேண்டும்போது மட்டும் தலையிடும், 4.7 ஆக்சிலோடு அது 90 கி.மீ. வேகத்தில் 2,580 சுழற்சியைத் தருகிறது, லோ ரேஞ்சைத் தொடுவதில்லை. ஆனால் அது பழைய எஞ்சினின் டார்க்கை மனத்தில் வைத்து அமைத்த கருவி. டர்போ டீசலின் முழு இழுப்பைக் கீழ் கியர்களில் அதன் வழியாகச் செலுத்தக் கூடாது. ட்ரான்ஸ்ஃபர் கேஸின் ஹை ரேஞ்ச் பற்சக்கரங்களை மட்டும் மாற்றி, லோ ரேஞ்சை அப்படியே விடும் வழியும் உண்டு. கிடைக்குமானால் 200 டிடிஐக்கு அதுவே ஏற்றது என்பேன்.

இதற்கும் ஒரு விலை உண்டு. 4.7-ஐ வைத்துக்கொண்டு லோ ரேஞ்சில் 265 நியூட்டன் மீட்டரை முழுதாக இறக்கினால், ஆக்சில் பக்கம் சேரும் டார்க் பழைய எஞ்சின் கொடுத்ததைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம். சீரிஸ் வண்டியின் பின் ஆக்சில் ஷாஃப்ட் பழைய எஞ்சினோடே முறிவதற்குப் பெயர் பெற்றது. 3.54 இந்தச் சுமையைக் கால்பங்கு குறைக்கும் என்பதை அதன் ஆதரவாளர்கள் சொல்லாமல் விடுவது வியப்புதான். அவர்களுடைய வலுவான வாதமே அதுவாக இருந்திருக்கும். காடுமேட்டில் அதிகம் ஓட்டாமல் நீண்ட சாலைப் பயணத்துக்கே வண்டியை வைத்திருப்பவர் 3.54-ஐத் தயங்காமல் எடுக்கலாம். மற்றவர்கள் 4.7-ஐ வைத்துக்கொண்டு, வலுவான ஆக்சில் ஷாஃப்ட்டுகளுக்குச் செலவிடுவது மேல்.

3.54 என்று முடிவு செய்தவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். முன், பின் இரண்டு ஆக்சிலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். விகிதம் வேறுபட்ட நிலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் ஏதாவது ஒன்று உடையும். நீள வீல்பேஸ் கொண்ட பிற்கால வண்டிகளின் பின்பக்கம் உள்ள, சாலிஸ்பரி என்னும் வேறு வகை ஆக்சிலுக்கு ரேஞ்ச் ரோவரின் டிஃபரன்ஷியல் பொருந்தாது. சிறிய 205/80 ஆர்16 டயரிலிருந்து 235/85-க்கு ஏற்கெனவே மாறியிருந்தால், ஏறத்தாழ பத்து சதவீத உயர்வு அதிலேயே வந்துவிட்டது. அதைக் கணக்கில் சேர்க்காமல் டிஃபரன்ஷியலை வாங்கக் கூடாது. வேகமானியின் இணைப்பு ட்ரான்ஸ்ஃபர் கேஸின் வெளியீட்டுப் பக்கம் இருப்பதால், ஓவர்டிரைவும் ஹை ரேஞ்ச் மாற்றமும் அதைப் பாதிப்பதில்லை. டிஃபரன்ஷியலை மாற்றினாலோ முள் 60 காட்டும்போது வண்டி 80-இல் ஓடிக்கொண்டிருக்கும். வேகமானியை அளவு திருத்திய பிறகே வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டும்.